சிறுவர் வண்டியும் பெரியோர் கடமையும்

குழந்தை விளையாட வேண்டும் என்பதை மறுப்பார் நம்முள் ஒருவரும் இல்லை. ஆனால் அஃது எதைக் கொண்டு விளையாடுவது, எங்கே விளையாடுவது, யார் பார்வையில் விளையாடுவது என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்பவர் மிகச் சிலரே. அநேகர் முதற் கேள்வியைக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மற்ற இரண்டையும் ஆண்டவனிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு பிள்ளை விழுந்து கை முறிந்தால், "நேரம் சரியில்லை" என்கிறார்கள். நேரம் என்ன செய்யும்? சக்கரம் சிறியது, தரை கரடு, பக்கத்தில் ஆள் இல்லை. இம்மூன்றும் நேரத்தின் குற்றங்கள் அல்ல.

இன்று நாம் எழுத எடுத்துக்கொண்டது ஸ்கூட்டர் என்று வழங்கும் சிறுவர் வண்டியைப் பற்றியதாகும். ஒரு காலைப் பலகையில் ஊன்றி, மறு காலால் தரையை உந்தி ஓட்டுகிறார்களே, அந்த வண்டிதான். மலாக்கா நகரத்துத் தாமான்களிலும் சரி, தோட்டத்து லயங்களிலும் சரி, பிள்ளைகள் கண்டவுடன் கேட்கும் பொருள்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது. "இது ஒரு பெரிய விஷயமா? இதற்கு ஒரு வியாசமா?" என்று சில அன்பர்கள் நகைக்கக் கூடும். கல்யாணத்துக்குப் புடைவை எடுக்க ஒரு நாள் முழுவதும் கடைகடையாக ஏறி இறங்குகிற நாம், குழந்தை தன் உடல் முழுவதையும் நம்பி ஏற்றி நிற்கப்போகும் பொருளைப் பற்றி அரைமணி நேரம் ஆலோசிப்பது எவ்விதத்தில் வீணாகும் என்பதை அவ்வன்பர்களே சொல்ல வேண்டும்.

இவ்வண்டி முற்றிலும் புதிதன்று. பெட்டிப் பலகையில் பழைய சக்கரம் பூட்டி ஓட்டிய சிறுவர்கள் மேல்நாட்டில் நூறாண்டுக்கு முன்பே இருந்தார்கள். இப்போது நாம் காணும் மடக்கு வண்டியோ, 1990-களின் இறுதியில் ஸ்விட்சர்லாந்து நாட்டு விம் ஊபோட்டர் என்பவரின் முயற்சியால் உருவாகி, தைவானில் பெருவாரியாகச் செய்யப்பட்டு, 2000-ஆம் ஆண்டில் உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்துக்கு ஏற்பக் காயங்களும் பெருகின. அமெரிக்காவில் அவ்வாண்டு ஜனவரி முதல் அக்டோபர் வரையில் மட்டும் சுமார் 27,600 பேர் இவ்வண்டியால் அடிபட்டு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுக்கு வந்ததாக அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் கணக்கிட்டது. அவர்களில் நூற்றுக்குச் சுமார் 85 பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். எலும்பு முறிவும் மூட்டு விலகலும் பெரும்பாலும் கையிலேயே நேர்ந்தன. விழுகிற குழந்தை கையை ஊன்றித்தான் விழும் அன்றோ? எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை, பெரியவர் ஒருவர் அருகிலிருந்து பாராமல் இவ்வண்டியை ஓட்டலாகாது என்று அந்நாட்டார் அப்பொழுதே எச்சரித்தார்கள்.

நிற்க, மேல்நாட்டுத் தரை வேறு. நமது தரை வேறு. மலாயாவில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்டவர்களுள் ஒருவராகிய டான் சாய் யான், 1896-ஆம் ஆண்டில் அதை நட்டது நமது மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில்தான். அன்று தொட்டு இங்கே தோட்டங்களில் போடப்பட்ட மண் சடக்குகள், முதலில் ரப்பர்ப் பாலுக்காகவும் பின்னர் செம்பனைக் குலைக்காகவும் போடப்பட்டனவே அன்றி, நம் குழந்தைகளின் கால்களுக்காகப் போடப்பட்டன அல்ல. செம்மண்ணும் சரளையும் கலந்த சடக்கில் மழைக்குப் பின் குழி, வெயிலில் புழுதி. குலை ஏற்றிய லாரிக்கு அது போதும். நகரத்திலோ, பழைய கடைவீடுகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதை கடைக்குக் கடை உயர்ந்தும் தாழ்ந்தும் கிடக்கின்றது. தாமானில் வீட்டு வாசற் சரிவு நேரே தெருவில் இறங்குகின்றது. ஓரத்தில் மூடியில்லாத கால்வாய் வாய் திறந்து நிற்கின்றது. ஆகவே, வண்டியைத் தேர்வதற்கு முன் தரையைத் தேர வேண்டும் என்பது நமது முதற் கொள்கை.

இந்த ஆராய்ச்சியில் நாம் இறங்க நேர்ந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறோம். ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் நமது தமக்கையின் குடும்பம் வசித்து வருகிறது. தமக்கையின் மகள் தன் நான்கு வயதுப் பெண்ணுக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்க விரும்பி, "மாமா, நீங்கள் வந்து பார்த்து வாங்கிக் கொடுங்கள்" என்று நம்மை அழைத்தாள். அதே வீட்டில் மூத்த பையனுக்கு முந்தைய ஆண்டே ஒரு வண்டி வந்துவிட்டது. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. பெண்ணுக்கு என்றவுடன்தான் தமக்கை வாய் திறந்தார்.

"தம்பி, பெண்பிள்ளைக்கு வண்டி எதற்கு? விழுந்து முகத்தில் தழும்பு வந்தால் நாளைக்கு எவன் கட்டுவான்?"

"அக்கா, பையன் விழுந்தால் மட்டும் தழும்பு வராதா?"

"அவன் ஆண்பிள்ளை. அவனுக்குத் தழும்பு வந்தால் என்ன?"

இவ்வார்த்தையை நாம் இகழ்ந்து எழுதவில்லை. நமது தமக்கை ஒன்பது வயதில் நம்மை இடுப்பில் சுமந்துகொண்டு விடியுமுன் ஆயாக் கொட்டகைக்குப் போனவர். தாய் பால்வெட்டுக்குப் போன வீட்டில் மூத்த பெண் தாயானாள். அவர் ஓடி விளையாடியதை நாம் கண்டதில்லை. விளையாட்டு என்பது அவருக்குக் கொடுக்கப்படாத ஒன்று. ஆகையினாலேயே அது பெண்ணுக்கு வேண்டாத ஒன்றாக அவருக்குத் தோன்றுகிறது. இவ்விதம் ஒரு தலைமுறையின் இழப்பு, மறு தலைமுறையின் ஒழுக்கமாக வேடம் பூண்டு வருவதை நம் சமூகத்தில் எத்தனை வீடுகளில் காண்கிறோம்!

1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் ஆணைப் போலச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. சொத்தில் சம உரிமை பேசுகிற நாம், நாலு முழச் சிமெண்டுத் தரையில் அதை மறுப்போமாயின் நம் பேச்சுக்கு என்ன மதிப்பு? விழும் அபாயம் ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. அபாயத்தைக் குறைக்கும் வழி விளையாட்டை நிறுத்துவதன்று. தக்க வண்டி, தக்க தரை, தக்க துணை ஆகிய மூன்றையும் தேடிக் கொடுப்பதேயாகும். தமக்கையிடம் இதைத்தான் சொன்னோம். அவர் ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "நீ பார்த்து வாங்குவதானால் வாங்கு" என்றார்.

கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது சக்கரத்தில் விளக்கு மின்னும் ஒரு சிவப்பு வண்டி. பெட்டியின் மேல் படம் மிக அழகு. குழந்தையை ஏற்றி நிறுத்தினோம். கைப்பிடி அவள் கழுத்துக்கு வந்தது. தாழ்த்த முடியுமா என்றால், முடியாதாம். "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றார் அவர். சட்டையைத் தொளதொளப்பாக வாங்கலாம். அதனால் யாரும் விழுவதில்லை. வண்டி அப்படியன்று. இன்றைய உடலுக்குப் பொருந்தாத வண்டி, நாளைக்குப் பொருந்தும் என்ற நம்பிக்கையில் இன்றைக்கே தள்ளிவிடும். அதை வைத்துவிட்டு, வேறு இரண்டு கடைகளும் ஒரு பாசார் மாலாமும் பார்த்து, கண்டதையும் கேட்டதையும் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறோம்.

முதலாவது, சக்கரம். மாட்டுவண்டிக்குச் சக்கரம் பெரிதாயிருப்பதன் காரணத்தை நம் பாட்டன்மார் நன்கறிந்திருந்தார்கள். பெரிய சக்கரம் கல்லின் மேல் ஏறி இறங்கிவிடும். சிறிய சக்கரம் அதே கல்லில் முட்டி நின்றுவிடும். வண்டி நின்றாலும் அதன்மேல் நிற்கும் குழந்தையின் உடல் நிற்பதில்லை. வந்த வேகத்திலேயே கைப்பிடியைத் தாண்டி முன்னே போகும். ஆகவே முன் சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நலம். ஐரோப்பிய விளையாட்டுப் பொருள் விதிகள், 20 கிலோவுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கான வண்டியில் முன் சக்கரத்தின் குறுக்களவு 120 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்று கூறுகின்றன. கடையில் அளவுகோல் இல்லாவிட்டால் நம் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தால் போதும்; சக்கரம் உள்ளங்கைக்குள் அடங்கிப் போனால் அது நமக்கு உதவாது.

இரண்டாவது, வயதும் எடையும். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு முன்னே இரண்டு, பின்னே ஒன்று என மூன்று சக்கரம் உள்ள வண்டியே தகுதி. அது தானாக நிற்கும். குழந்தை சமநிலையைத் தேடிக்கொள்ள அவகாசம் கொடுக்கும். இவற்றுள் கைப்பிடியைத் திருப்பாமல், உடலைச் சாய்த்தால் திரும்பும் வகை ஒன்றுண்டு. வேகத்தில் கைப்பிடியை வெடுக்கென்று திருப்பிக் கவிழ்வதற்கு அதில் இடம் குறைவு. இரண்டு சக்கர வண்டிக்கு அவசரம் வேண்டா. பெட்டியில் எத்தனை கிலோ வரை தாங்கும் என்று எழுதியிருப்பார்கள். அதைப் படியாமல் அண்ணனும் தங்கையும் ஒன்றாக ஏறி ஓட்டுவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். ஒரு வண்டிக்கு ஒரு பிள்ளை; இதில் விலக்கு இல்லை.

மூன்றாவது, கைப்பிடி. குழந்தை பலகையில் நிமிர்ந்து நிற்கையில், கைப்பிடி இடுப்புக்கு மேலும் மார்புக்குக் கீழும் இருக்க வேண்டும். ஏற்றி இறக்கத் தக்கதாயின், ஆண்டுதோறும் புதிது வாங்கும் செலவும் இல்லை. கைப்பிடியின் நுனிகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். விழும்போது அந்நுனி வயிற்றில் குத்துமாயின், வெளியே ஒரு சிறு கன்றலும் உள்ளே பெருங்காயமும் உண்டாகும். எனவே நுனி தடித்து, உருண்டு, ரப்பர் உறையிட்டதாக இருத்தல் வேண்டும். உறை கிழிந்து குழாய் தெரியும் பழைய வண்டியை, உறை மாற்றும் வரையில் குழந்தை தொடலாகாது.

நான்காவது, பலகையும் தடையும். பலகை தாழ்ந்தும் அகன்றும், கால் வழுக்காதபடி சொரசொரப்பாகவும் இருக்க வேண்டும். பின் சக்கரத்தின் மேல் காலால் அழுத்தும் பிரேக் இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு அதை மிதிக்கத் தெரியாது என்பதை மறக்கலாகாது. தெரியாத வயதில் குழந்தைக்குப் பிரேக் என்பது சமதரை ஒன்றே. மழை நனைத்த தரையில் சக்கரமும் வழுக்கும், பிரேக்கும் பிடிக்காது. ஆதலால் மழை நாளில் வண்டி வீட்டுக்குள் இருக்கட்டும்.

ஐந்தாவது, மடக்கும் பூட்டு. மடக்கு வண்டி சௌகரியமானது. ஆனால் மடங்கும் இடம் விரலை நசுக்கும் இடமும் ஆகும். ஓடுகையில் பூட்டு விட்டுப்போனால் வண்டி கத்தரியைப் போல் மடங்கும். கடையிலேயே ஐந்தாறு முறை மடக்கி விரித்து, கைப்பிடியைப் பிடித்துப் பலமாக உலுக்கிப் பார்க்க வேண்டும். மடக்குவதும் விரிப்பதும் பெரியவர் வேலை. பிள்ளையின் வேலை அன்று.

ஆறாவது, முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவருக்கான விளையாட்டுப் பொருள்களின் பாதுகாப்புக்கென்று நமது நாட்டில் 2009-ஆம் ஆண்டு விதிகள் இயற்றப்பட்டு, 2010 முதல் நடைமுறையில் உள்ளன. அவ்விதிகளுக்கு உட்பட்ட பொருளுக்கு எம்.சி. என்னும் முத்திரை உண்டு. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை. "இதைவிட மலிவாக இருக்கிறது" என்று முத்திரையற்ற ஒன்றைக் காட்டினால், மலிவின் காரணம் என்னவென்று ஒரு வார்த்தை கேட்போமாக.

இனித் தலைக்கவசத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் குழந்தைகளின் இடுப்பில் தாயத்து உண்டு. கையில் மந்திரித்த கயிறு உண்டு. கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு உண்டு. தலையில் மட்டும் ஒன்றும் இல்லை! கயிறு கட்டிய கை முறியாமல் இருந்ததுண்டா? தாயத்து ஒரு மண்டையையேனும் தாங்கியதுண்டா? நம்பிக்கை உள்ளவர்கள் கட்டிக்கொள்ளட்டும். அதனோடு கவசத்தையும் மாட்டட்டும். கவசம் தலையில் மட்டமாக அமர்ந்து, புருவத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்க வேண்டும். வார் காதைச் சுற்றி இருபுறமும் வந்து தாடைக்கீழ் சேர வேண்டும். அங்கே ஒரு விரல் நுழையும் இடமே போதும். பெண் குழந்தைக்கு உச்சிக்கொண்டை போட்டால் கவசம் பொருந்தாது. பின்னலைத் தாழ்த்திப் போட்டு, பூவைக் கழற்றி வைத்துவிட்டு மாட்ட வேண்டும். நீண்ட பாவாடை சக்கரத்தில் சிக்கும். கழுத்துச் சங்கிலி கைப்பிடியில் மாட்டும். சிலிப்பர் காலை விட்டுக் கழலும். கட்டிய சப்பாத்தும் குட்டைக் கால்சட்டையுமே இதற்கு ஏற்ற உடை.

மின்சாரத்தால் ஓடும் ஸ்கூட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. அது குழந்தைக்கு உரிய பொருளே அன்று. 2021-ஆம் ஆண்டின் விதிகளால் அத்தகைய வண்டிகளை நமது நாட்டுச் சாலைகளில் ஓட்டுவது தடுக்கப்பட்டுள்ளது. 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு இதை வெளிப்படையாக அறிவித்தது. பிள்ளை கேட்கிறானே என்று வாங்கிக் கொடுத்துத் தெருவில் விடும் தந்தை, பிள்ளைக்கும் நன்மை செய்யவில்லை, சட்டத்தையும் மதிக்கவில்லை.

வண்டி எவ்வளவு நல்லதாயினும், இடமும் துணையும் இல்லாவிடில் அது பயன்படாது. 2017 பிப்ரவரி 18-ஆம் நாள் விடியுமுன், ஜொகூர் பாருவின் சாலையொன்றில் மாற்றியமைத்த சைக்கிள்களில் சென்ற சிறுவர்களில் எட்டுப் பேர் கார் மோதி மாண்டார்கள். அவ்வழக்கு பல ஆண்டு பல நீதிமன்றங்களில் நடந்தது. சட்டம் யாரைக் குற்றவாளி என்றது, யாரை விடுவித்தது என்பது இங்கே நமது ஆராய்ச்சி அன்று. அப்பிள்ளைகளும் ஒரு நாள் நாலு வயதுக் குழந்தைகளாய், முதல் வண்டியில் ஏறியவர்களே. எங்கே ஓட்டலாம், எங்கே ஓட்டலாகாது, எந்த வேளையில் வண்டி வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்னும் பழக்கம் பதினான்கு வயதில் புகட்ட வருவதன்று. முதல் வண்டி வாங்கும் அன்றே அது தொடங்க வேண்டும். லாரி ஓடும் சடக்கு வேண்டா, சரிவு வேண்டா, நிறுத்தி வைத்த கார்களின் இடுக்கு வேண்டா, அந்தி மயங்கிய பின் வேண்டவே வேண்டா. பள்ளித் திடலின் சிமெண்டுத் தளம், பொது மண்டபத்து முற்றம், பூப்பந்துத் தளம் ஆகியவை தக்க இடங்கள். அங்கும் பெரியவர் ஒருவர் கைப்பேசியைப் பாராமல் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

நமது தமக்கை வீட்டில் இறுதியாக வந்து சேர்ந்தது மின்னும் விளக்கில்லாத ஒரு சாதாரண மூன்று சக்கர வண்டி. அதன் விலையில் ஏறக்குறையப் பாதி கவசத்துக்கு ஆயிற்று. லயத்துக்கு எதிரேயுள்ள மண்டபத்து முற்றத்தில் நாள்தோறும் மாலை அரைமணி நேரம் என்று ஏற்பாடு. மகளும் மருமகனும் வேலையிலிருந்து திரும்பும் வரை, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? தமக்கைக்கே வந்தது. ஒரு மாதத்துக்குப் பின் நாம் போனபோது, குழந்தையின் முழங்காலில் ஒரு சிராய்ப்பு ஆறிக்கொண்டிருந்தது. தமக்கை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அம்மாடி, காலை நேரே ஊன்று; முன்னே பார்" என்று கற்பித்துக்கொண்டிருந்தார். தாம் ஒரு நாளும் ஏறாத வண்டியை ஓட்டும் வகை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நாம் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு யோசனை. நல்ல வண்டியும் நல்ல கவசமும் வாங்க எல்லோராலும் இயலாது என்பதை நாம் அறிவோம். அதனாலேயே மலிவான ஐந்து வண்டிகள் ஐந்து வீட்டில் கிடந்து துருப்பிடிப்பதைவிட, ஐந்து வீட்டார் சேர்ந்து நல்ல வண்டி இரண்டு வாங்கி முறை வைத்து ஓட்டச் செய்வது மேல். கவசத்தை மட்டும் ஒவ்வொரு தலைக்கும் வாரை இறுக்கியும் தளர்த்தியும் மாட்டிவிட வேண்டும். வாரம் ஒரு முறை திருகாணிகளை முடுக்கி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பதை ஓர் இளைஞர் ஏற்றுக்கொள்ளலாம். மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக்குக் குடும்பத்தோடு செல்கிறோம். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கும் மனமுவந்து பணம் கொடுக்கிறோம். அப்படிக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், கோயில் பக்கத்திலேயே பிள்ளைகளுக்கென்று ஒரு சமதளம் போடலாகாதா? சுற்றிலும் முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி, அருகே பெரியவர் உட்கார ஒரு பெஞ்சு; இவ்வளவு போதும். அத்தளத்தில் ஆண் பிள்ளையும் பெண் பிள்ளையும் ஒன்றாக ஓட்டட்டும்.

பாலுக்கும் குலைக்கும் பாதை போட்டவர்கள் நம் முன்னோர். நம் குழந்தைகளின் காலுக்கு ஒரு தளம் போட நம்மால் ஆகாது என்று சொல்வதற்கு நமக்கு வாய் வருமா? தோட்டந்தோறும், தாமான்தோறும் இதைப் பற்றி ஒரு கூட்டம் கூடிப் பேசுவார்களாயின், இவ்வியாசம் எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.